கிளாரித்ரோமைசினும் கொலஸ்ட்ரால் மாத்திரையும்: அம்மாவுக்குச் சேர்த்துக் கொடுக்கலாமா?

பட்டர்வொர்த்_மகள்:
அம்மாவுக்கு 64 வயது, ஒரு வாரமாக நெஞ்சுச் சளி, காய்ச்சல். நேற்று வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் காட்டினோம், பென்சிலின் ஒத்துக்காது என்றதும் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் 500, காலை ஒன்று இரவு ஒன்று, 7 நாளைக்குக் கொடுத்தார்கள். வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று அவர்களும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அரசாங்க கிளினிக்கில் வாங்கும் கொலஸ்ட்ரால் மாத்திரை சிம்வாஸ்டேட்டின் 20, பிரஷர் மாத்திரை அம்லோடிபின் 10 இரண்டும் தினமும் சாப்பிடுகிறார். சேர்த்துக் கொடுக்கலாமா?

மாத்திரை_கவுண்டர்:
சிம்வாஸ்டேட்டினை இன்றிரவு கொடுக்காதீர்கள், அக்கா. அதைக் கரைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதியைக் கிளாரித்ரோமைசின் அடைத்துவிடும், ரத்தத்தில் சிம்வாஸ்டேட்டின் பல மடங்கு ஏறி, தசை சிதையலாம், அது சிறுநீரகத்தையும் அடிக்கலாம். தொடை, தோள் வலித்தாலோ சிறுநீர் தே-ஓ (பால் இல்லாத தேநீர்) நிறத்தில் போனாலோ நேரே எமர்ஜென்சி. கொலஸ்ட்ரால் மாத்திரையைச் சில நாள் நிறுத்துவதால் ஒன்றும் ஆகாது. அம்லோடிபினும் அதே வழியில்தான் கரைகிறது, பிரஷர் இறங்கித் தலை சுற்றலாம், ஆனால் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். கிளினிக்குக்கு இப்போதே போன் செய்யுங்கள், மாற்று ஆன்டிபயாடிக் கேளுங்கள், அஸித்ரோமைசின் இந்த நொதியைப் பெரிதாகத் தொடாது.

செந்தூல்_அங்கிள்:
நான் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடும் ஆள். பல்லுக்கு மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், இரண்டும் ஒத்துப்போகாது, நாலாம் நாள் பல் தேய்த்தால் சிங்க் முழுக்க ரத்தம். 2க்கும் 3க்கும் நடுவில் இருக்க வேண்டிய ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் அளவு) 6 தாண்டியிருந்தது. இப்போதெல்லாம் எங்கே போனாலும் மருந்துப் பையோடுதான், வெட்கமே இல்லை.

பட்டர்வொர்த்_மகள்:
நன்றி அங்கிள். பென்சிலின் விஷயம் வேறு குழப்பம். பத்து வயதில் ஊசி போட்டு உடம்பில் ஏதோ சிவந்ததாம், பாட்டி சொன்னது அவ்வளவுதான்.

மாத்திரை_கவுண்டர்:
அப்படிச் சொல்பவர்களில் பெரும்பாலோருக்குச் சோதித்துப் பார்த்தால் அலர்ஜியே இருக்காது. ஒரு மணி நேரத்துக்குள் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல் வந்ததா என்பதுதான் முக்கியம். வீட்டில் சோதிக்க வேண்டாம், அதற்கு ஆஸ்பத்திரி இருக்கிறது. அதுவரை எங்கும் சொல்லிக்கொண்டே இருங்கள், ஆக்மென்டின் என்றாலும் மறுத்துவிடுங்கள், பெயரில் தெரியாவிட்டாலும் அது பென்சிலின் வகைதான்.

பட்டர்வொர்த்_மகள்:
டாக்டர் அஸித்ரோமைசின் 3 நாளைக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார். அப்புறம் அம்மா கைப்பையைத் துழாவினால், மூட்டு வலிக்குப் பாசாரில் வாங்கிய பெயரில்லாத கேப்சூல் ஒரு டப்பா. "அது மருந்து இல்லை, இயற்கை" என்கிறார்.

மாத்திரை_கவுண்டர்:
அந்த டப்பாவை முதலில் படம் எடுத்துப் போடுங்கள்.