வியட்நாம், கம்போடியா, லாவோஸ்: 7 இரவுகளில் எதை வெட்டுவது? உதவி தேவை

திசைகாட்டி (கேள்வி)

வணக்கம். நவம்பர் நடுவில் நான், கணவர், அம்மா மூவரும் ஒரு சின்னச் சுற்றுலா போகலாம் என்றிருக்கிறோம். கையில் இருப்பது 7 இரவுகள். மூன்றும் பக்கத்துப் பக்கத்து நாடுகள்தானே என்று மூன்றையும் சேர்த்து ஒரு திட்டம் போட்டேன்: ஹனோய் 2 இரவு (அதில் ஒரு பகல் ஹாலோங் விரிகுடா), ஹோய் ஆன் 1, கம்போடியாவில் சியம் ரீப் 2 (அங்கோர் வாட் இங்கேதான்), லாவோஸில் லுவாங் பிரபாங் 1, மறுபடியும் ஹனோய் 1, அங்கிருந்து திரும்புதல்.

வரைபடத்தில் எல்லாம் கைக்கெட்டும் தூரம்தான். நாள்வாரியாக எழுதிப் பார்த்தால் மூச்சு முட்டுகிறது. கணவர் "ஒரே நாடு போதும்" என்கிறார். எந்த நாடு என்று கேட்டால் பதில் இல்லை. அம்மாவுக்கு 67 வயது, முழங்கால் வலி உண்டு. மெதுவாக நடப்பார், செங்குத்தான படி ஏற முடியாது. அங்கோர் வாட் அவருடைய ஆசை, ஹாலோங் என்னுடையது. வியட்நாம் இ-விசா படிவத்தை நிரப்பிவிட்டேன், 25 டாலர் கட்டுவதுதான் பாக்கி. எதை வெட்டலாம்?

நாடோடி

அந்த 25 டாலரை இப்போது கட்டாதீர்கள். அது சிங்கிள் என்ட்ரி விசா. உங்கள் திட்டத்தில் ஹனோய் இரண்டு தடவை வருகிறது. நடுவில் கம்போடியா போனவுடன் அந்த விசாவின் வேலை முடிந்தது. திரும்ப உள்ளே வர மல்டிபிள் என்ட்ரி வேண்டும், அதற்கு 50 டாலர். கடைசி இரவு ஹனோயில் தங்குவதாக இருந்தால் அதுவும் ஒரு நுழைவுதான். எதை வெட்டுவது என்று முடிவானபிறகு விசாவுக்கு வாருங்கள்.

பழைய பயணி

நாடோடி சொன்னது சரி. நான் திட்டத்தையே கொஞ்சம் பிரித்துப் பார்க்கிறேன்.

முதலில், நாள் எண்ணிக்கை ஏமாற்றும். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு விமானத்தில் 2 மணி நேரம் என்றால் உங்களுக்குப் போவது அரை நாளுக்கு மேல். அறையைக் காலி செய்வது, விமான நிலையத்துக்குப் போவது, காத்திருப்பது, குடியேற்ற வரிசை, பெட்டி, மறுபடியும் வண்டி. சியம் ரீப்பில் இது இன்னும் கூடும்: 2023 அக்டோபரில் திறந்த புதிய விமான நிலையம் ஊரிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிறது. ஹனோய்–ஹோய் ஆன் உள்நாட்டுப் பயணத்தையும் சேர்த்தால் உங்கள் திட்டத்தில் இப்படி நான்கு தாவல்கள். அம்மாவின் முழங்கால் கோயில் படிகளைவிட இந்த வரிசைகளில்தான் அதிகம் வலிக்கும்.

இரண்டாவது, மாதம். இந்த மூன்று நாடுகளுக்கும் ஒரே பருவம் என்று நினைக்காதீர்கள். நவம்பரில் சியம் ரீப்பில் மழை ஓய்ந்திருக்கும், அங்கோர் வாட் அகழி நிறையத் தண்ணீர் இருக்கும், இன்னும் பச்சை போகாது. ஹனோயில் இதமான, வறண்ட காலம். ஆனால் நடு வியட்நாமில் மழைக்காலமே செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரைதான். ஹோய் ஆன் ஆற்றங்கரை ஊர், துபோன் ஆறு பொங்கினால் பழைய தெருக்களுக்குள் தண்ணீர் வந்துவிடும். 2025 அக்டோபர் கடைசியில் அங்கே தெருவில் படகு விட்டார்கள். ஒரே ஓர் இரவை அந்த மழையிடம் பணயம் வைக்க வேண்டாம். ஹோய் ஆனை முதலில் வெட்டுங்கள்.

மேகதூதன்

நான் கணவர் கட்சி. ஒரே நாடு, வியட்நாம், அதிலும் வடக்கு மட்டும். அந்த நாடு ஒல்லியாக இருப்பதால் சின்னது என்று நினைத்துவிடுகிறோம். ஹனோயிலிருந்து ஹோ சி மின் நகரத்துக்கு ரயில் பாதை 1,726 கிலோமீட்டர், ரயிலில் 30 மணி நேரத்துக்கு மேல். வடக்கிலேயே 7 இரவு போதாது. அங்கோர் அடுத்த வருடமும் அங்கேதான் இருக்கும்.

பழைய பயணி

அங்கோர் இருக்கும். 67 வயது முழங்கால் அடுத்த வருடமும் இப்படியே இருக்குமா என்பதுதான் கேள்வி. அம்மாவின் ஆசையை முதலில் முடியுங்கள். ஹாலோங்கை நீங்கள் 20 வருடம் கழித்தும் பார்க்கலாம்.

மேகதூதன்

சரி, இதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆற்றோரம்

லாவோஸுக்காகப் பேச யாருமே இல்லையா? லுவாங் பிரபாங் மேக்கோங் ஆறும் நாம்கான் ஆறும் சேருமிடத்தில் உள்ள சின்ன ஊர். பழைய பகுதி பெரும்பாலும் சமதரை, பூசி குன்றுக்கு மட்டும்தான் முந்நூறுக்கு மேல் படி. உங்கள் அம்மாவுக்கு மூன்றில் மிகவும் தோதான ஊர் அதுதான் என்பேன். ஆனால் ஓர் இரவில் அது பிடிபடாது. விடியற்காலையில் பிக்குகள் பிச்சை ஏற்று வரிசையாகப் போவதைப் பார்த்த கையோடு விமானத்துக்கு ஓட வேண்டியிருக்கும். 2021 டிசம்பரில் ரயில் வந்தபிறகு தலைநகர் வியெந்தியானிலிருந்து சுமார் 2 மணி நேரம்தான். அந்த நாட்டை மட்டும் ஒரு தனிப் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள். மார்ச், ஏப்ரலில் மட்டும் போகாதீர்கள், காட்டையும் வயலையும் எரிக்கும் புகையில் எதிர்க்கரையே தெரியாது.

திசைகாட்டி

அப்பாடா. அப்படியானால் ஹோய் ஆன், லாவோஸ் இரண்டும் போயிற்று. சியம் ரீப்பும் ஹனோயும் மட்டும் என்றால் 4 + 3 சரியா? இன்னொரு பயம்: அங்கோர் வாட் படங்களில் எல்லாம் ஒரே படியாக இருக்கிறது. அம்மா வெளியே உட்கார்ந்துகொண்டு நாங்கள் மட்டும் ஏறி இறங்குவது மாதிரி ஆகிவிடுமோ?

கல்தச்சன்

இதற்காகத்தான் உள்ளே வந்தேன். படங்களில் பார்க்கும் அந்தப் பயங்கரமான படி பாக்கான் என்ற மேல்தளத்துக்கு. அதை விட்டுவிட்டால் ஒன்றும் குறையாது. பார்க்க வேண்டியதில் பாதி கீழ்த்தளத்துச் சுற்று மண்டபச் சுவரில் இருக்கிறது. அங்கங்கே நாலைந்து படி வரும், கையைப் பிடித்துக் கூட்டிப்போனால் போதும், மற்றபடி கூரைக்கடியில் நிழலிலேயே நடக்கலாம்.

மேற்கு மண்டபத்தின் தென்பாதியில் குருக்ஷேத்திரம். அம்புப் படுக்கையில் பீஷ்மர் கிடப்பதை உங்கள் அம்மா எந்த வழிகாட்டியும் சொல்லாமலே கண்டுபிடித்துவிடுவார். அதே மண்டபத்தின் வடபாதியில் இலங்கைப் போர், குரங்குகள் அரக்கர்களைக் கடித்துத் துப்புகிற காட்சி. கிழக்கு மண்டபத்தின் தென்பாதியில் பாற்கடல் கடைதல், ஏறக்குறைய 49 மீட்டர் நீளத்துக்கு ஒரே சிற்பம். நடுவில் மந்தர மலையைத் தாங்கும் ஆமை, இரு பக்கமும் வாசுகியைப் பிடித்து இழுக்கும் தேவர்களும் அசுரர்களும். முன்பு தொடத் தொட சில இடங்களில் கல் பளபளவென்று மெழுகு பூசியதுபோல் ஆகியிருக்கிறது. இப்போது தொடக்கூடாது.

ஒரு தந்திரம்: எல்லோரும் மேற்கு வாசல் வழியாக வருவார்கள். கோயிலே மேற்கு பார்த்ததுதான், 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் விஷ்ணுவுக்காகக் கட்டியது. ஆனால் அந்தப் பக்கம் அகழிப் பாலம், அதற்கப்புறம் நீளமான கல்பாதை, எல்லாம் வெயிலில் நடை. டுக்டுக்கைக் கிழக்கு வாசலுக்கு விடச் சொல்லுங்கள். மரநிழலில் ஒரு பாதை, நேராகப் பாற்கடல் இருக்கும் பக்கத்திலேயே கொண்டுபோய் விடும். கூட்டமும் குறைவு.

இன்னொரு நாள் பந்தியாய் ஸ்ரே. ஊரிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குமேல் ஆகும், ஆனால் ஏறவே வேண்டாம். கி.பி. 967இல் குடமுழுக்கு ஆன சின்னச் சிவன் கோயில், செம்மை ஓடிய மணற்கல். ராவணன் கயிலையை அசைக்கும் சிற்பம் கிட்டத்தட்ட கண் மட்டத்துக்குக் கொஞ்சம்தான் மேலே. மரம் விழுங்கிய தா புரோம் கோயில் மட்டும் கரடுமுரடு, மரப்பலகைப் பாதையைத் தாண்டாமல் பாருங்கள்.

அங்கோர் நுழைவு பாஸ்: ஒரு நாளுக்கு 37 டாலர், 3 நாளுக்கு 62. மூன்று நாள் பாஸை 10 நாளுக்குள் எந்த மூன்று நாளில் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், அதனால் நடுவில் அம்மாவுக்கு ஒரு நாள் ஓய்வு கொடுக்கலாம். 4 இரவு வேண்டும் என்பதே இதற்காகத்தான்.

நாடோடி

4 + 3 நன்றாக இருக்கிறது. வரிசையையும் மாற்றுங்கள்: சியம் ரீப்பில் இறங்கி, ஹனோயிலிருந்து திரும்புங்கள். போவது ஓர் ஊர், வருவது இன்னோர் ஊர் என்று டிக்கெட் தேடினால் பல நேரம் விலை பெரிதாகக் கூடாது. வியட்நாமில் ஒரே தடவைதான் நுழைகிறீர்கள், உங்கள் 25 டாலர் விசாவே போதும். கம்போடியாவுக்கு இ-அரைவல் என்ற வருகைப் படிவத்தை இறங்குவதற்கு முந்தைய 7 நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். விசா தேவையா என்பது கடவுச்சீட்டைப் பொறுத்தது. தேவைப்பட்டால் சுற்றுலா விசா 30 டாலர்.

யாராவது "பாங்காக் போய் அங்கிருந்து பஸ்" என்று யோசனை சொன்னால் கேட்காதீர்கள். 2025இல் தாய்லாந்து–கம்போடியா எல்லைச் சண்டையில் தரைவழிக் கடப்புகளை மூடினார்கள். கிளம்பும் முன் நிலவரம் பார்த்துக்கொள்ளாமல் அந்த வழியை நம்ப முடியாது.

மேகதூதன்

தோற்றாலும் ஹனோய்க்கு ஒரு வார்த்தை. மூன்று இரவில் ஹாலோங் பகல் பயணம் என்றால் போகவரப் பேருந்திலேயே 5 மணி நேரம். வானிலை மோசமானால் துறைமுகத்தில் படகை விடமாட்டார்கள். அதனால் ஹாலோங்கை முதல் முழு நாளில் வையுங்கள், ரத்தானால் மறுநாள் இருக்கும். ஹாலோங் படகே கிடைக்கவில்லை என்றால் நின் பின் பக்கம் சாங் ஆன் போகலாம். அதே சுண்ணாம்புப் பாறைகள், கடலுக்குப் பதில் ஆறு. துடுப்புப் படகில் 3 மணி நேரம் உட்கார்ந்தே பார்க்கலாம். ஏறி இறங்கும்போது மட்டும் அம்மாவைப் பிடித்துக்கொள்ளுங்கள், படகு தாழ்வாக இருக்கும். ஹோ சி மின் நினைவிடம் திங்களும் வெள்ளியும் மூடியிருக்கும், மற்ற நாளில் காலையில் மட்டும்.

திசைகாட்டி

முடிவு: சியம் ரீப் 4, ஹனோய் 3. அம்மாவிடம் பீஷ்மர் கதையைச் சொன்னதும் "அப்போ அந்த மேல்படி யாருக்கு வேண்டும்" என்றுவிட்டார். கணவருக்கு இரண்டு நாடு என்பதில் கொஞ்சம் வருத்தம், பரவாயில்லை. கடைசியாக ஒன்று: பணம் எப்படி எடுத்துப்போவது?

ஆற்றோரம்

கம்போடியாவில் டாலரே ஓடும், ஒரு டாலருக்குச் சுமார் 4,000 ரியல், சில்லறை ரியலில் வரும். சின்ன நோட்டுகளாக வைத்திருங்கள். ஓரம் கிழிந்த, எழுத்து கிறுக்கிய டாலரை வாங்க மாட்டார்கள், வங்கியிலேயே பார்த்து வாங்குங்கள். ஹனோயில் டாங். அங்கே 20,000 நோட்டும் நீலம், 500,000 நோட்டும் நீலம். இருட்டிய பிறகு டாக்சிக்குக் கொடுக்கும்போது சுழியத்தை எண்ணிக் கொடுங்கள், முடிந்தால் பெரிய நோட்டைத் தனிப் பையில் வையுங்கள்.