தாத்தா 80 குழு: சனிக்கிழமை ராத்திரி மொட்டை மாடில என்ன படம்?

தீபா: புரொஜெக்டர் கிடைச்சாச்சு 🎉 சனிக்கிழமை ராத்திரி என்ன படம்னு இன்னைக்கே சொல்லுங்க

கார்த்தி: தாத்தாவுக்கு ஜெய்சங்கர் கௌபாய் படம்தான். கர்ணன் டைரக்‌ஷன். எங்க பாட்டன் சொத்து 🔥

தீபா: டேய்

தீபா: வேற பேரே கிடைக்கலயா உனக்கு

கமலா அத்தை: சொத்துப் படம் வேண்டாம்

குமார் பெரியப்பா: குதிரைப் படம்தான் வேணும்னா கிளின்ட் ஈஸ்ட்வுட்டோட அன்ஃபர்கிவன் போடுங்க. 1992. சிறந்த படம், சிறந்த இயக்கம் உட்பட 4 ஆஸ்கர். அப்பாவுக்கும் அவரைப் பிடிக்கும். ஆனா சுருட்டைக் கடிச்சுக்கிட்டு நிக்கிற பழைய ஈஸ்ட்வுட் இல்ல இதுல. பொண்டாட்டியைப் பறிகொடுத்துட்டு, ரெண்டு குழந்தைங்களோட கான்சாஸ்ல பன்னி வளர்க்கிறவன். குதிரை மேல ஏறவே தடுமாறுவான்.

சாந்தி சித்தி: விசேஷத்துக்கு முந்தின ராத்திரி கொலைப் படமா

மணி மாமா: பஸ் 6.10க்கா 6.40க்கா? யாரு கூப்பிட வர்றீங்க

குமார் பெரியப்பா: கொலைப் படம்தான் சாந்தி, ஆனா கொலையை ரசிக்க விடாத படம். கேளு. வயோமிங்ல பிக் விஸ்கின்னு ஒரு ஊர். ஒருத்தன் ஒரு பொண்ணோட முகத்தைக் கத்தியால கிழிச்சிடறான். கூட வந்த சின்னப் பையனும் மாட்டிக்கிறான். ஷெரிஃப் லிட்டில் பில், நம்ம ஜீன் ஹேக்மேன், என்ன தீர்ப்பு சொல்றார் தெரியுமா? கிழிச்சவன் 5 குதிரை, கூட இருந்தவன் 2 குதிரை. அதுவும் அந்தப் பொண்ணுக்கு இல்ல, அவளைக் காசு குடுத்துக் கூட்டிட்டு வந்த சாராயக் கடைக்காரனுக்கு. அவனுக்குத்தான் நஷ்டமாம்! அந்தத் தீர்ப்புலதான் எல்லாமே ஆரம்பிக்குது. அங்க இருக்கிற பொண்ணுங்க சேர்த்து வச்ச காசையெல்லாம் போட்டு, அந்த ரெண்டு பேரையும் கொன்னா 1000 டாலர்னு சொல்லி அனுப்பறாங்க. அந்தக் காசுக்காகத்தான் ஈஸ்ட்வுட்டும் பழைய கூட்டாளி நெட்டும் கிளம்பறாங்க.

தீபா: பெரியப்பா குழந்தைங்க இருப்பாங்க

குமார் பெரியப்பா: குழந்தைங்களைக் கீழ படுக்க வைங்க. முக்கியமான இடத்தைச் சொல்லிடறேன். குதிரை குடுக்க வர்ற அன்னைக்கு அந்தச் சின்னப் பையன், தன்கிட்ட இருக்கிறதிலேயே நல்ல குதிரையைத் தனியா கொண்டு வந்து, இது அவளுக்குன்னு சொல்றான். மத்த பொண்ணுங்க சேத்தை அள்ளி அடிச்சு விரட்டறாங்க. முகம் கிழிஞ்சவ பார்த்துட்டே நிக்கிறா. கடைசில முதல்ல சாகறது யாரு? கத்தி எடுத்தவன் இல்ல, இந்தப் பையன். குண்டு பாஞ்சு தண்ணி தண்ணின்னு கதறுறான். சுட்ட ஈஸ்ட்வுட்டே, அவனுக்குத் தண்ணி குடுங்கடா, நாங்க சுட மாட்டோம்னு கத்துறான்.

கமலா அத்தை: கூட இருந்தான் இல்ல?

கமலா அத்தை: கத்தியைத் தட்டி விட்டானா? பார்த்துட்டு நின்னவனும் சேர்த்திதான்

கார்த்தி: நாம இன்னும் படத்தைப் பத்திதானே பேசறோம்

தீபா: கார்த்தி நீ போய் சேர் எத்தனை இருக்குன்னு பாரு

ரவி சித்தப்பா: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

மணி மாமா: என்ன ரவி டெலீட் பண்ணே? பஸ் டைமா?

சாந்தி சித்தி: அண்ணி, பத்திர ஆபீஸ் கதையை இங்க இழுக்காதீங்க. தீபாவளி அன்னைக்கு இவர் பலகாரத் தூக்கோட உங்க கேட்டுல நின்னதையும் சேர்த்துச் சொல்லணும்ல

குமார் பெரியப்பா: ரெண்டு பேரும் இருங்க. அக்கா கேட்டது நியாயமான கேள்வி. பையன் நல்லவன்னு படம் சொல்லவே இல்ல. சாகற அளவுக்கு என்ன பண்ணான்னுதான் கேக்குது. லிட்டில் பில்லையும் எடுத்துக்கோங்க. ஊருக்குள்ள துப்பாக்கியே கூடாதுன்னு வச்சிருக்கார், சண்டை வரக் கூடாதுன்னு. அதே ஆள்தான் நெட்டைச் சவுக்கால அடிச்சே கொல்றார். நெட் யாரு? மார்கன் ஃப்ரீமேன். அந்தப் பையனைச் சுடக் கை வராம, போதும்டான்னு வீட்டுக்குத் திரும்பினவன்! கடைசில பில் குண்டடி பட்டுக் கிடக்கும்போது, எனக்கு இந்தச் சாவு வந்திருக்கக் கூடாது, நான் வீடு கட்டிட்டிருந்தேன்கிறார். தானே ஆணி அடிச்சுக் கட்டின வீடு, கூரையெல்லாம் ஒழுகும். அவர் பண்ணது அத்தனையும் பார்த்த பிறகும் அந்த இடத்துல எனக்கு நெஞ்சை அடைக்கும்.

கார்த்தி: க்ளைமாக்ஸையும் சொல்லிட்டீங்களா 😭

மணி மாமா: அப்ப 6.40 தானே?

தீபா: ஆமா மாமா. கார்த்தி வருவான்

கார்த்தி: நானா

கமலா அத்தை: குமாரு, அந்தப் பொண்ணு குதிரையை வாங்கினாளா

குமார் பெரியப்பா: இல்லக்கா. திருப்பிக் கொண்டு போயிடறான்

கமலா அத்தை: அவகிட்ட கேட்டிருக்கணும்

சாந்தி சித்தி: 🙏

கமலா அத்தை: சாம்பார் அண்டா ரவி வீட்லதான் கிடக்கு. யாராவது அவன்கிட்ட சொல்லுங்க, எடுத்துட்டு வரட்டும்

ரவி சித்தப்பா: சரிக்கா

ரவி சித்தப்பா: மூடியும் சேர்த்தா?

தீபா: படம் என்னன்னு சொல்லுங்கப்பா 🤦‍♀️

அம்மா: மொதல்ல சனிக்கிழமை மழை இருக்கான்னு பாருங்க

கார்த்தி: பாதி ஜெய்சங்கர் பாதி ஈஸ்ட்வுட்

குமார் பெரியப்பா: பாதில நிறுத்தற படம் இல்லடா அது. ரெண்டு மணி நேரத்துக்கு மேல. 9 மணிக்கு ஆரம்பிச்சா அப்பா தூங்கிடுவார், 8க்கே போடுங்க

கமலா அத்தை: 8க்கு சாப்பாடு

மணி மாமா: 6.40 பஸ்ல சீட் இல்லையாம்