மாண்டிசெல்லோ: வீட்டைக் காட்டச் சொன்னால் அடிமைக் கதை எதற்கு?

வழிப்போக்கன்: போன வாரம் குடும்பத்தோடு அமெரிக்காவின் வர்ஜீனியாவில், பழைய ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சனின் மாண்டிசெல்லோ வீட்டுக்குப் போயிருந்தோம். மலைச்சரிவை வெட்டி 1,000 அடி நீளத்துக்குக் காய்கறித் தோட்டம், அடேயப்பா! ஆனால் வழிகாட்டி அம்மா பாதி நேரம் அடிமைகளைப் பற்றியே பேசினார். பிள்ளைகள் முகம் வாடிப்போச்சு. டிக்கெட் எடுத்தது வீட்டைப் பார்க்கத்தானே?

கரிசல்காரி: வீட்டைத்தான் காட்டியிருக்கிறார். சாப்பாட்டு அறையில் அந்தச் சுழல் கதவைக் கவனிச்சீங்களா? பின்பக்கம் தட்டுகள் அடித்திருக்கும். வெளியே நிற்கும் ஆள் பதார்த்தங்களை அடுக்கித் தள்ளினால் சாப்பாடு மட்டும் உள்ளே வரும், ஆள் வரமாட்டார். கணப்படுப்பின் பக்கவாட்டில் நிலவறையிலிருந்து ஒயின் ஏறிவரும். வேலைக்காரர் கண்ணில் படக்கூடாது என்றே கட்டிய வீடு அண்ணா அது. தோட்டத்துக்கு மண் வெட்டியதும் அடிமைகள்தான்.

வழிப்போக்கன்: அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தானே இருந்தார்கள்? அடிமைகளிடமே கோழி, முட்டை, காய்கறி காசு கொடுத்து வாங்கியதாக வீட்டுக் கணக்கில் இருக்காம். ஒரேயடியாக அரக்கனாக்காதீங்க.

கரிசல்காரி: வாங்கினார், சரி. வாரப்படியாகத் தந்த மக்காச்சோள மாவை வைத்துக்கொண்டு, வேலை முடிந்த இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அவர்கள் வளர்த்தது அது. ஆணிப்பட்டறையில் 10 வயதுப் பையன்கள் வேலை செய்தார்கள். எவன் எவ்வளவு இரும்பை வீணாக்கினான் என்று கணக்கெழுதியவர் ஜெஃபர்சன். எல்லாரும் அப்படியும் இல்லை. அதே வர்ஜீனியாவில் ராபர்ட் கார்ட்டர் என்ற பண்ணை முதலாளி 1791-இல் 450-க்கும் மேற்பட்டவர்களை விடுவிக்கப் பத்திரம் பதிந்தார். ஜெஃபர்சன் வாழ்நாளில் வைத்திருந்தது 600-க்கும் மேல். விடுவித்தது உயிரோடு இருந்தபோது இருவரை, உயிலில் ஐவரை. இறந்த மறு வருஷம், 1827-இல், கடனுக்காக 130 பேர் ஏலம் போனார்கள்.

லயத்துப்பிள்ளை: நான் இலங்கை மலையகத்தில அட்டன் பக்கம். எங்கட தேயிலைத் தோட்டக் கூலியும் அடிமைத்தனமும் ஒன்றென்று சொல்லவரேல்ல. ஆனால் ஹோட்டலாக மாறின ஒரு துரை பங்களாவுக்கு, தோட்டத்தை நடத்தின வெள்ளைக்காரர் வீட்டுக்கு, போனேன். துரையின் நாற்காலிக்கும் கதை, பியானோவுக்கும் கதை. தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகள், லயம், எங்கே என்று கேட்டேன், தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார்கள். உங்கட வழிகாட்டி அம்மாவை இங்கே அனுப்புங்கோ.

வழிப்போக்கன்: தம்பி சொல்வது உறைக்கிறது. இருந்தாலும் எட்டு வயதுப் பிள்ளைக்கு ஏலக்கதை வேணுமா என்பதில் நான் மாறவில்லை.

கரிசல்காரி: அந்த ஏலத்தில் விற்கப்பட்ட பீட்டர் ஃபாஸெட்டுக்கு 11 வயது. அது போகட்டும், ஜெஃபர்சனின் பிள்ளைகளைப் பெற்ற அடிமைப் பெண் சாலி ஹெமிங்ஸுக்கென்று 2018-இல் அங்கே ஓர் அறை திறந்தார்களே, அங்கே போனீங்களா?

வழிப்போக்கன்: இல்லை. கீழே இறங்கும் பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு.