நான் இருக்கும்போது மட்டும் குதிகால் ஊன்றுகிறாள், வழி சொல்லுங்கள்

வணக்கம். ஆலங்குளம் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போய், வளர்ச்சி தாமதமான சிறு குழந்தைகளுக்கு பிசியோதெரபி கொடுக்கிறேன். ஒரு குழந்தை விஷயத்தில் மேலே போக வழி தெரியவில்லை.

பெண் குழந்தை, 2 வயது 3 மாதம். ஏழாம் மாதத்திலேயே பிறந்தவள். மூளை முடக்குவாதம் என்று மாவட்ட இடையீட்டு சேவை மையத்தில் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு காலிலும் இறுக்கம். தூக்கி நிறுத்தினால் விரல் நுனியில் நிற்பாள், முட்டி இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

தசையை நீட்டும் பயிற்சி, ஸ்டூலைப் பிடித்து நிற்பது, பாதத்தை நேராகப் பிடித்து வைக்கும் கால் ஸ்பிளின்ட் எல்லாம் பார்த்தாயிற்று. அடுத்த வாரம் போனால் மறுபடி பழையபடிதான். ஸ்பிளின்ட் போட்டால் வியர்த்துக் கணுக்கால் சிவந்துவிடுகிறது, கழற்றி வைத்துவிடுகிறார்கள்.

அம்மாவைக் குறை சொல்லவே முடியாது. காலையிலிருந்து மடியில் சுளகோடு பீடி சுற்றுகிறார், சுற்றினால்தான் கூலி. குழந்தை பக்கத்திலேயே இருந்து எட்டி எட்டி நூலை இழுக்கிறாள். எட்டிப் பிடிக்கும் அந்த ஆசை பயிற்சிக்கு எவ்வளவு நல்லது! ஆனால் புகையிலைத் தூளுக்குப் பக்கத்தில் நிறுத்த எனக்கு மனசில்லை.

அம்மா வேலையை விட்டு எழாமலே, கொஞ்சம் தள்ளி, குழந்தை குதிகால் ஊன்றி நிற்க, வீட்டில் இருக்கும் பொருளை வைத்து நீங்கள் செய்து பலன் கண்ட வழி எது?