கறுப்பு பெயின்ட் ஒரு சுவரில் மட்டும் கொப்புளிக்கிறது, மேலே இன்னொரு கோட் அடிக்கலாமா?

பனிமூட்டம், ஹப்புத்தளை:
வணக்கம். பைன் காட்டை ஒட்டிய எங்கள் காணியில் இரண்டு அறை மரவீடு ஒன்று இருக்கிறது, சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். சுவர் முழுக்கப் பைன் பலகை. முன்பு பால் வெள்ளை அடித்திருந்தது. டிசம்பர் லீவுக்கு ஆட்கள் வருவதற்குள் முடிக்க வேண்டும் என்று, போன நவம்பரில் மழை விட்ட இரண்டு நாளில் கரிக்கறுப்பு எனாமல் இரண்டு கோட் அடித்தோம். மரங்களுக்கு நடுவே பார்க்க அவ்வளவு அழகு! ஏப்ரலில் மேற்குச் சுவரில் ஐந்து ரூபாய்க் குத்தி அளவுக்குக் கொப்புளங்கள். மற்ற மூன்று சுவரும் நன்றாகவே இருக்கின்றன. பலகைக் கண்களிலிருந்து தேன் மாதிரிப் பிசின் வேறு வடிகிறது. கடையில் சுரண்டிவிட்டு இன்னொரு கோட் அடிக்கச் சொல்கிறார்கள். அம்மா, "கறுப்பே வேணாம், பழையபடி வெள்ளையே அடி" என்கிறார். எனக்குக் கறுப்பை விட மனமில்லை.

சும்மா வந்தவன், பண்டாரவளை:
அம்மா சொல்வதுதான் சரி. கறுப்பு வெயிலை இழுக்கும். பின்னேரம் அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், வைத்திருக்க முடியாது.

ஹட்டன் பெயின்ட்காரன்:
வெயிலும் காரணம்தான், ஆனால் அது மட்டும் இல்லை. தம்பி, ஒரு கொப்புளத்தை பிளேடால் வெட்டிப் பாருங்கள். அடியில் பழைய வெள்ளை தெரிந்தால், கறுப்பு மட்டும் ஒட்டாமல் கிளம்பியிருக்கிறது. உரசாமல் அடித்ததோ, ஈரத்தின் மேல் அடித்ததோ காரணம். வெறும் மரம் தெரிந்தால் ஈரம் உள்ளேயிருந்து தள்ளுகிறது. அப்படியென்றால் எந்த நிறம் அடித்தாலும் கிளம்பும். அப்புறம், அந்தச் சுவருக்கு உள்பக்கம் என்ன இருக்கிறது?

பனிமூட்டம்:
நாலு இடத்தில் வெட்டினேன். நாலிலும் வெறும் மரம், ஒன்றில் சொட்டுத் தண்ணீர்கூட வழிந்தது. கொப்புளங்கள் எல்லாம் ஆறடி நீளத்துக்குள்தான் இருக்கின்றன. உள்ளே என்ன என்று கேட்டீர்களே, அப்போதுதான் பொறி தட்டியது அண்ணே. குளியலறை! ஹொட் வோட்டர் திறந்தால் எதிரே இருக்கும் கண்ணாடி தெரியாது. குளிருக்குப் பயந்து யாரும் ஜன்னலைத் திறப்பதும் இல்லை.

ஹட்டன் பெயின்ட்காரன்:
அதுதான் தம்பி. ஆவி பலகை வழியாக வெளியே போகப் பார்க்கிறது, எனாமல் தோல் மாதிரி அடைத்து நிற்கிறது. பின்னேர வெயிலில் கறுப்பு சூடேறும்போது பலகைக்குள் இருக்கும் ஈரம் தோலைத் தள்ளுகிறது. வெள்ளையாக இருந்தால் கொஞ்சம் பிந்தியிருக்கும், அவ்வளவுதான்.

முதல் செலவு பெயின்டுக்கு இல்லை, எக்ஸோஸ்ட் ஃபேனுக்கு. காற்றை வெளியே தள்ளும்படி பூட்டுங்கள், கூரைக்குள் விட்டுவிடாதீர்கள்.

அந்தச் சுவரை மரம் தெரியும்வரை சுரண்ட வேண்டும். பழைய வெள்ளை எந்த வருடத்தது? நம் நாட்டில் பெயின்டில் ஈயத்துக்குக் கட்டுப்பாட்டை 2011இல் அறிவித்தார்கள், நடைமுறைக்கு வந்தது 2013இல்தான். அதற்கு முந்தியதாக இருந்தால் காய்ந்த தூள் பறக்க உரசாதீர்கள். நனைத்து உரசுங்கள், மாஸ்க் போடுங்கள், சுரண்டியதைச் சாக்கில் கட்டுங்கள், தேயிலைக்குள் கொட்ட வேண்டாம்.

பிசினுக்கு முழு மருந்து கிடையாது. சூளையில் 70 பாகைக்கு மேல் சூடு காட்டிய பலகையில்தான் பிசின் இறுகும். காற்றில் காயவைத்த பைன், கறுப்புக்கு அடியில் உருகிக்கொண்டேதான் இருக்கும். டர்பன்டைனில் துடைத்து, கண்களுக்கு மட்டும் ஷெல்லாக் (அரக்குப் பூச்சு) அடித்தால் குறையும்.

கறுப்புத்தான் வேண்டுமென்றால் அந்தச் சுவருக்கு எனாமலை விட்டுவிட்டு, மரத்துக்குள் ஊறுகிற கடும் நிற வூட் ஸ்டெயின் அடியுங்கள். ஷெல்லாக் பட்ட கண்களில் ஊறாது, அங்கே கொஞ்சம் திட்டாகத் தெரியும். மேலே படலம் இல்லாததால் அது கொப்புளிக்காது. மங்கும், சில வருடத்துக்கு ஒரு தடவை கழுவித் திரும்ப அடிக்க வேண்டும், சுரண்டும் வேலை இல்லை. மூலைப் பட்டியோடு நிறுத்தினால் மற்றச் சுவர்களுக்கும் இதற்கும் வித்தியாசம் கண்ணில் படாது.

எங்கள் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரைதான் வெளிவேலை. உங்கள் ஊவாப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் நல்லது, காற்றுதான் பைன் ஊசியைக் கொண்டுவந்து ஒட்டிவிடும். நவம்பரில் அடித்ததைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை :) காலைப் பனி காய்ந்த பிறகு தொடங்கி, பின்னேரம் மூட்டம் இறங்குவதற்கு முன் தூரிகையை வைத்துவிடுங்கள். ஈரமானி கிடைத்தால் பலகையின் ஈரம் 15 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை பொறுங்கள்.

மரத்தூள், ஒஹிய:
பலகையின் வெட்டு முனைகளை மறக்க வேண்டாம். தண்ணீரை அதிகம் குடிப்பது அதுதான். அங்கே இரண்டு மூன்று தடவை ஊறவிடுங்கள்.

பனிமூட்டம்:
நன்றி அண்ணே, நன்றி மரத்தூள். ஒரு சந்தேகம். கறையானுக்குப் பயந்து கீழ் இரண்டு பலகைக்கு அப்பா அந்தக் காலத்தில் பழைய எஞ்சின் ஓயில் பூசியிருக்கிறார். அதன் மேல் ஸ்டெயின் பிடிக்குமா?

ஹட்டன் பெயின்ட்காரன்:
சுரண்டிய பிறகு தண்ணீர் தெளித்துப் பாருங்கள். உள்ளே இழுத்தால் அடிக்கலாம். முத்து முத்தாக நின்றால் ஸ்டெயினும் அப்படித்தான் நிற்கும், அந்த இரண்டையும் மாற்றிவிடுங்கள். புதுப் பலகையை மண்ணிலிருந்து அரை அடியாவது தூக்கிப் பூட்டுங்கள்.

பனிமூட்டம் (ஜூலை):
ஃபேன் பூட்டியாயிற்று. சுவர் சுரண்டியாயிற்று. தண்ணீர் முத்து முத்தாகவே நின்றது, இரண்டு பலகையும் கழற்றியாயிற்று. அம்மா வெறும் மரத்தைப் பார்த்துவிட்டு, "இப்படியே விட்டா என்ன?" என்கிறார். ஈரமானி இன்று காலை 19 காட்டுகிறது. இன்னும் ஸ்டெயின் டின்னைத் திறக்கவில்லை.