கடல்ல கொண்டு போக வாட்டர்ப்ரூஃப் கேமரா: எத வாங்கலாம், உப்புல கெடாம எப்படிப் பாத்துக்கிறது?

முத்துநகர்வாசி

எல்லாருக்கும் வணக்கம். நான் தூத்துக்குடி. வர்ற ஜனவரில குடும்பத்தோட அந்தமான் போறோம், ஹாவ்லாக் தீவுல ரெண்டு நாள் ஸ்னார்க்லிங் (மூச்சுக் குழாய் வச்சு தண்ணி மேலாப்புல நீந்துறது), என் மக ஸ்கூபாவும் (சிலிண்டர் மாட்டி ஆழத்துக்கு டைவ் பண்றது) ஒரு தடவ பண்ணிப் பாத்துரணும்னு ஒத்தக்கால்ல நிக்கா. போன்தான் ஐபி68 (தண்ணி, தூசி உள்ள போகாதுன்னு குடுக்குற ரேட்டிங்) ஆச்சே, அதையே கொண்டு போலாம்னு வீட்ல சொல்றாங்க, எனக்கு மனசு ஒப்பல. ஓஎம் சிஸ்டம் கம்பெனியோட டிஜி-7ங்கிற வாட்டர்ப்ரூஃப் கேமரா, இல்லன்னா கோப்ரோங்கிற சின்ன ஆக்‌ஷன் கேமரா, ரெண்டுல ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். திரும்பி வந்தப்புறம் பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டாம, இங்க முயல் தீவு பக்கம் தண்ணி வத்துற நேரம் நண்டு சிப்பியெல்லாம் கிட்டப் போய் எடுக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. கடைல கேட்டா வாட்டர்ப்ரூஃப் சார் பயப்படாதீங்கன்னு மட்டும் சொல்றாங்க. உப்புக் காத்துல ஜன்னல் கம்பியே துருப்பிடிக்கிற ஊர்ல இருக்கேன், அதான் கேக்கேன்.

பவளப்பாறை

போன கரையிலயே வச்சுருங்க. அந்த ஐபி68 டெஸ்ட் நல்ல தண்ணில பண்றது. கடல்ல லிட்டருக்கு கிட்டத்தட்ட 35 கிராம் உப்பு இருக்கு, சார்ஜிங் ஓட்டைக்குள்ள அது தங்குனா அரிச்சுரும். தண்ணி போயி கெட்டா பெரும்பாலும் வாரண்டியும் கிடையாது.

அடுத்து ஆழம். முதல் தடவ டைவ் பண்றவங்கள 12 மீட்டர் வரைக்கும் இறக்குவாங்க. கோப்ரோவ ஹவுசிங் (கேமராவ மூடுற தண்ணி புகாத கூடு) இல்லாம 10 மீட்டர் தான் கொண்டு போலாம், அதுக்கு மேலன்னா தனியா ஹவுசிங் வாங்கணும். டிஜி-7 அப்படியே 15 மீட்டர் தாங்கும். நீச்சல் வீடியோ மட்டும் போதும்னா கோப்ரோ சின்னது, சுலபம். ஆனா நீங்க நண்டு சிப்பின்னு சொல்றீங்க, அதுக்கு டிஜி-7 தான், மைக்ரோஸ்கோப் மோட்ல 1 சென்டிமீட்டர் கிட்ட வரைக்கும் ஃபோகஸ் ஆகும், கோப்ரோவ அவ்வளவு கிட்ட கொண்டு போனா படம் மங்கிரும். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் டிஜி-7ன்னு சொல்வேன்.

மிதக்குற ஸ்ட்ராப் மறக்காம வாங்குங்க, இந்த கேமரா கை நழுவுனா நேரா அடிக்குப் போயிரும். அப்புறம் பாப்பாவோட முதல் டைவ்ல அவ கைல கேமரா கொடுக்காதீங்க அண்ணே, அன்னைக்கு அவளுக்கு மூச்சு விடுறதுல மட்டும் கவனம் இருக்கட்டும்.

பாம்பன்காத்து

மேல சொன்னது எல்லாம் சரி, ஆனா மீட்டர் கணக்க மட்டும் நம்பாதீங்க. என் கேமராவும் 15 மீட்டர்னு போட்டது தான், இடுப்பளவு தண்ணில செத்துச்சு. ராமேஸ்வரத்துல ஒரு நாள் ஃபுல்லா எடுத்துட்டு அலுப்புல கழுவாம பைக்குள்ள போட்டுட்டேன், ரெண்டு நாள் கழிச்சுப் பாத்தா பேட்டரி கதவு ஓரத்துல வெள்ளையா உப்பு பூத்துருந்துச்சு, துணியால தொடச்சுட்டு அடுத்த வாரம் திரும்ப இறக்குனேன், ரப்பர் வாஷர்ல ஒட்டியிருந்த ஒரு உப்புக் கல்லு போதுமா இருந்துச்சு, உள்ள தண்ணி போயி பேட்டரி முனையெல்லாம் பச்சை பூத்துருச்சு. ரிப்பேருக்குக் கொண்டு போனா போர்டு போச்சுன்னுட்டாங்க. என் பையன் முதன்முதலா நீந்துன படம் அந்த கார்டுல இருந்துச்சு, கார்டு பிழைச்சது ஒண்ணு தான் ஆறுதல்.

அதனால, தண்ணிய விட்டு வந்ததும் உப்பு காயறதுக்கு முன்னாடியே கழுவணும். கதவெல்லாம் மூடியிருக்கிறப்பவே ஒரு பக்கெட் நல்ல தண்ணில பத்து நிமிஷம் ஊறப் போடுங்க, உள்ள வச்சே எல்லா பட்டனையும் நாலஞ்சு தடவ அமுக்குங்க, ஜூம் லீவரையும் ஆட்டுங்க, இல்லன்னா இடுக்குல உப்பு நின்னுரும். குழாயத் திறந்து வேகமா அடிக்காதீங்க. அப்புறம் மெல்லிசு துணில ஒத்தி எடுத்து நிழல்ல காய வைங்க, ஹேர் டிரையர் வேண்டாம். முழுசா காஞ்சப்புறம் தான் கதவத் திறக்கணும், சார்ஜ் போடணும்.

கதவ பீச்ல திறக்கவே கூடாது. ஒரு தலைமுடி, ஒரு மணல் போதும். சன்ஸ்கிரீன் கையோட வாஷரத் தொடாதீங்க. காலைல ரூம்லயே புது பேட்டரி, காலி கார்டு போட்டு, வாஷர வெளிச்சத்துல பாத்து, லாக் விழுந்துச்சான்னு ரெண்டு தடவ தொட்டுப் பாத்துட்டு கிளம்புங்க. டிஜி-7ல ரெண்டு கதவு இருக்கு, சார்ஜர் பக்கத்துக் கதவத்தான் மறப்போம். வாஷர வருஷத்துக்கு ஒரு தடவ மாத்திருங்க, பாக்க நல்லாத்தான் இருக்கும், நம்பாதீங்க.

இன்னொண்ணு, படகுல வெயில்ல கேமரா காயவிடாதீங்க. சூடான கேமராவ குளிர்ந்த தண்ணில போட்டா உள்ள இருக்க காத்து சுருங்கும், கொஞ்சம் இடைவெளி இருந்தாலும் தண்ணிய உள்ள இழுக்கும், லென்ஸும் உள்ள பனி பிடிக்கும். ஈரத்துண்டால சுத்தி வைங்க.

முத்துநகர்வாசி

ரொம்ப நன்றி அண்ணே, படத்தப் பத்தி சொன்னது மனசுல நின்னுருச்சு. டிஜி-7ன்னு முடிவு பண்ணிட்டேன். ஒரு சந்தேகம், எங்க வீட்டு போர் தண்ணியே உப்பு. முயல் தீவுல இருந்து வந்து அதுல ஊற வச்சா பரவால்லயா?

பாம்பன்காத்து

நல்ல கேள்வி, எங்க வீட்டுலயும் அதே தான். முதல் அலசலுக்கு போர் தண்ணி ஓகே, மணல் கடல் உப்பெல்லாம் போயிரும். ஆனா ஊற வைக்கிறதுக்கும் கடைசியா அலசுறதுக்கும் கேன் தண்ணி எடுத்துக்கோங்க. ஒரு சின்ன டப்பால முங்குற அளவு, ரெண்டு லிட்டர் போதும். காயறப்ப வெள்ளைத் திட்டு தெரிஞ்சா இன்னும் உப்பு இருக்குன்னு அர்த்தம், திரும்ப ஊறப் போடுங்க.

வெளிய போறப்ப ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் மாதிரி வாயகன்ற டப்பால நல்ல தண்ணி ரொப்பி கொண்டு போங்க. கரை ஏறுனதும் கேமராவ அதுக்குள்ள போட்டு மூடிட்டா வீடு வர்ற வரைக்கும் உப்பு காயாது, நான் இப்போ அப்படித்தான் பண்றேன்.

பவளப்பாறை

கிளம்புறதுக்கு முந்தின வாரம் வீட்டு பக்கெட்ல அரை மணி நேரம் போட்டுப் பாருங்க. ஓரத்துல விடாம குமிழி வந்தா உடனே எடுத்துருங்க, அந்த கேமராவ அந்தமானுக்குக் கொண்டு போகாதீங்க, கடைல மாத்திக்கிட்டு போங்க.