பின்பக்க சிட்-அவுட்டை மூட வேண்டும்: கண்ணாடியா, வலையா? (ஷீட் ஏற்கெனவே ஒருமுறை பறந்துவிட்டது)

கெடிலக்கரை:
வணக்கம். கடலூரில் வீடு, கடலுக்கு ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. கிழக்கு பார்த்த வாசல். பின்னால், மேற்கே, 14 அடிக்கு 10 அடியில் ஒரு சிட்-அவுட் இருக்கிறது. எம்எஸ் (சாதா இரும்பு) பைப்பில் ஆறு கால், மேலே தகர ஷீட், மூன்று பக்கமும் திறப்பு.

சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் கொசு உட்கார விடுவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் சாரல். சித்திரை, வைகாசியில் மேல்வெயில் நாற்காலி வரைக்கும் வந்துவிடுகிறது. அப்பாவுக்கு 78 வயது, முட்டிவலி. அவருக்கு உலகமே அந்த இடம்தான். அதனால் மூடிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

ஒரு ஃபேப்ரிகேட்டர் வந்து பார்த்தார். மூன்று பக்கமும் 5 எம்எம் கண்ணாடியோடு அலுமினியம் ஸ்லைடிங், மேலே பாலிகார்பனேட். இருக்கிற கால்களையே வைத்துக்கொள்ளலாம், 1,65,000 ஆகும் என்றார். "காற்று வராதே" என்றேன். "ஏசி போட்டுக்கலாம் மேடம்" என்றார்.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் ராத்திரி, ஓர ஷீட் ஒன்று கழன்று பக்கத்து வீட்டுக் கொய்யா மரத்தில் போய்ச் செருகிக்கொண்டது. அந்த பயம் இன்னும் போகவில்லை. ஆனால் கடல் கிழக்கே இருக்கிறது, சிட்-அவுட் வீட்டுக்குப் பின்னால் மேற்கே இருக்கிறது. புயல் காற்று நேராக அடிக்காது என்று நினைக்கிறேன். சரிதானே? சட்டம் அலுமினியமா, யூபிவிசியா (கெட்டியான பிளாஸ்டிக்) என்று மட்டும் சொன்னால் போதும்.

ஓய்வுபெற்ற சிவில்:
சரியில்லை அம்மா. உங்கள் ஷீட்டே அதற்குச் சாட்சி.

புயல் நம் பக்கம் இடஞ்சுழியாகச் சுற்றும். அது நமக்குக் கிழக்கே, கடலில் இருக்கும்போது நம் ஊரில் அடிப்பது வாடைக் காற்று, வடக்கிலிருந்து. கரையைக் கடக்கும் இடத்துக்கு வடக்கே இருப்பவர்களுக்குக் காற்று கடலிலிருந்து வரும். தெற்கே இருப்பவர்களுக்குத் தரையிலிருந்து, மேற்கிலிருந்து வரும். ஃபெஞ்சல் கடந்தது புதுச்சேரி அருகே. கடலூர் அதற்குத் தெற்கு. அன்று ராத்திரி உங்களுக்கு முழுப் பாதுகாப்பாக இருந்தது முன்வாசல்தான். பின்பக்கம்தான் அடி வாங்கியது.

2011 டிசம்பர் 30, தானே புயல் கடந்ததும் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே. அப்போது நான் திருப்பாதிரிப்புலியூரில் இருந்தேன். முதலில் வடக்கே இருந்து தள்ளியது, பிறகு திரும்பி மேற்கிலிருந்து அடித்தது. முதல் வீச்சில் தாங்கிய கொட்டகைகள் திசை மாறியதும் மல்லாந்தன. மத்திய கண் தலைக்கு மேலேயே போனால் நடுவில் ஒரு அமைதி வரும், அப்புறம் எதிர்ப்பக்கத்திலிருந்து ஆரம்பிக்கும். ஆகவே "இந்தப் பக்கம் அடிக்காது" என்று கணக்கில் எடுத்துக்கொள்ள நம் கடற்கரையில் எந்தப் பக்கமும் இல்லை.

அலுமினியமா யூபிவிசியா என்பது கடைசிக் கேள்வி. முதலில் ஒன்றைப் பார்த்துச் சொல்லுங்கள். அந்த ஷீட் போனபோது ஸ்க்ரூ பைப்பிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனதா, இல்லை ஸ்க்ரூ அங்கேயே நிற்க ஷீட் மட்டும் கிழிந்து போனதா? கால்களின் அடிப்பகுதி எப்படி இருக்கிறது?

கெடிலக்கரை:
டார்ச் அடித்துப் பார்த்தேன் சார். ஸ்க்ரூ எல்லாம் பைப்பில் அப்படியே நிற்கிறது. வாஷர் ரப்பரைத் தொட்டால் பொடியாக உதிர்கிறது. கொய்யா மரத்திலிருந்து எடுத்த ஷீட் கொல்லையில் கிடக்கிறது, அதில் ஓட்டைகள் ஒரு ரூபாய் நாணயம் நுழையும் அளவு. கால்கள் டைல்ஸ் மேல் பிளேட் வைத்து நான்கு போல்ட் முடுக்கியது. வெளி ஓரத்தில் வடக்கு மூலைக் காலில் பெயிண்ட் உப்பியிருந்தது. சாவியால் தட்டினேன், ஏடு ஏடாக வந்தது. கடைசியில் சாவி உள்ளே போய்விட்டது.

வெல்டிங் பட்டறை:
அக்கா, சாவி உள்ளே போன காலில் கண்ணாடி மாட்டுகிறேன் என்று சொன்னவரிடம் ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். நானும் இதே தொழில்தான்.

பைப் உள்ளிருந்து துருப்பிடித்திருக்கிறது. மேலே மூடி போடாமல் விட்டிருப்பார்கள், உப்புக்காற்றும் மழைத் தண்ணீரும் இறங்கி அடியில் தேங்கும். வெளியே எத்தனை கோட் பெயிண்ட் அடித்தாலும் உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும். ஆறு காலையும் மாற்ற வேண்டும்.

ஷீட் மெல்லிசு, சட்டங்களுக்கு நடுவே இடைவெளி அதிகம், ஸ்க்ரூ குறைச்சல். ரப்பர் செத்துப்போனதும் ஷீட் ஆட ஆரம்பிக்கும், ஆட ஆட ஓட்டை பெரிசாகும். புது ஷீட் 0.5 எம்எம்முக்குக் குறையாமல், வெளிர் நிறத்தில் போடுங்கள். ஓரத்திலும் மூலையிலும் ஸ்க்ரூவை நெருக்கி முடுக்கச் சொல்லுங்கள், காற்று முதலில் பிடித்து இழுப்பது அங்கேதான். கால்களைத் தாண்டிக் கூரை ஒரு அடிக்கு மேல் நீட்ட வேண்டாம்.

ஹாட் டிப் கால்வனைஸ் செய்த (உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த) பைப் வாங்கினாலும் வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகம் எரிந்துபோகும். அங்கே ஜிங்க் பிரைமர் அடிக்காமல் விட்டால் ஒரே மழைக்காலத்தில் சிவப்புக் கோடு தெரியும். பக்கத்தில் நின்று அடிக்க வையுங்கள். நாங்கள் மறந்துவிடுவோம்.

கெடிலக்கரை:
ஒரு தகர ஷீட்டுக்கு இவ்வளவு பிடிமானம் தேவையா? கூரையின் எடையே குறைவுதானே?

ஓய்வுபெற்ற சிவில்:
எடை குறைவாக இருப்பதுதான் சிக்கல். கூரை கீழே விழுவதற்கு அல்ல, மேலே போவதற்குக் கணக்குப் போட வேண்டும்.

காற்று வேகத்தை மீட்டர்/விநாடியில் எடுத்து, அதன் வர்க்கத்தை 0.6-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் அழுத்தம் என்று வரும். ஃபெஞ்சலுக்குச் சொன்ன வேகம் மணிக்கு 70–80 கி.மீ., வீச்சில் 90. 90 என்றால் விநாடிக்கு 25 மீட்டர், சதுர மீட்டருக்கு 375 நியூட்டன், அதாவது சுமார் 38 கிலோ எடை. உங்கள் கூரை 140 சதுர அடி, அதாவது 13 சதுர மீட்டர். மொத்தம் அரை டன். ஐஎஸ் 875 (கட்டடங்கள் தாங்க வேண்டிய விசைகளுக்கான இந்தியத் தரநிலை) மூன்றாம் பகுதியில் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் எடுக்கச் சொல்லும் அடிப்படை வேகம் 50 மீட்டர், அதாவது 180 கி.மீ. வேகம் இரண்டு மடங்கு, விசை நான்கு மடங்கு: இரண்டு டன். கூரையின் வடிவத்தையும் திறப்புகளையும் பொறுத்து இது கூடும், குறையும். ஷீட்டும் சட்டமும் சேர்ந்து இருநூறு கிலோ இருந்தால் பெரிது.

மீதியைப் பிடித்துக்கொள்ள வேண்டியது தரை. டைல்ஸுக்குக் கீழே நாலங்குலக் கான்கிரீட்டில் முடுக்கிய போல்ட் அதைச் செய்யாது. காலுக்கு ஒன்றரை அடிச் சதுரம், இரண்டடி ஆழத்தில் குழி எடுத்துக் கான்கிரீட் போட்டால் ஒன்று 300 கிலோ வரும். ஆறுக்கும் 1,800. அதோடு வீட்டுப் பக்கச் சட்டத்தை லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே ஓடும்) கான்கிரீட்டோடு பிணைக்க வேண்டும், செங்கல்லோடு அல்ல. போல்ட்டைக் கான்கிரீட் ஈரமாக இருக்கும்போதே பதித்துவிடுங்கள்.

வேதாரண்யம் பக்கம்:
கஜா புயல் (2018 நவம்பர் 16) எங்கள் தலைமேல்தான் கடந்தது. பெரியப்பா வீட்டு மாடி வராண்டாவில் வடக்குப் பக்கம் கண்ணாடி போட்டிருந்தோம். அதை உடைத்தது காற்று இல்லை, ஒரு தென்னம்பாளை. உடைந்த கொஞ்ச நேரத்தில் கூரை ஷீட் டமடமவென்று ஒவ்வொன்றாகக் கிளம்பியது. அதுவரை அசையவே இல்லை. உள்ளே புகுந்த காற்றுக்கு வெளியேற வழி இல்லாமல் போனதுதான் காரணம் என்று பிறகு இன்ஜினியர் சொன்னார். பக்கத்துவீட்டில் நாலு பக்கமும் வெறும் கிரில், அவர்கள் கூரை தப்பித்தது.

ஈசிஆர் வாசி:
எல்லோரும் பயமுறுத்துகிறீர்களே. நீலாங்கரையில் நான்கு வருடமாகக் கண்ணாடி வராண்டாதான். மாண்டூஸ் புயல் (2022 டிசம்பர்) வந்தது, ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. யூபிவிசி, கேஸ்மென்ட் (கதவு போலத் திறப்பது), டஃபன்ட் (வலுவேற்றிய) கண்ணாடி. நல்ல ஆளாகப் பிடித்துச் செய்தால் ஒன்றும் ஆகாது.

ஓய்வுபெற்ற சிவில்:
மேலே ஆர்சிசி (கம்பி கட்டிய கான்கிரீட்) கூரையா, ஷீட்டா?

ஈசிஆர் வாசி:
ஆர்சிசி.

ஓய்வுபெற்ற சிவில்:
அதுதான் வித்தியாசம். கனமான கூரைக்குக் கீழே கண்ணாடி போடுவது வேறு கதை.

இன்னொன்றும் இருக்கிறது. கெடிலக்கரை அம்மா, மத்தியானம் உங்கள் வீட்டில் கடல்காற்று எப்படி ஓடுகிறது? முன்வாசலில் நுழைந்து, ஹால் தாண்டி, பின்கதவு வழியாக சிட்-அவுட்டுக்குத்தானே வெளியேறுகிறது? அங்கே கண்ணாடியால் அடைத்தால் முன்னாலும் காற்று நுழையாது. சிட்-அவுட் மட்டுமல்ல, ஹாலும் புழுங்கும். மேல்வெயில் கண்ணாடி வழியாக உள்ளே வரும், சூடு திரும்பிப் போகாது. ஏசி போட்டுக்கலாம் என்றாரே, வேறு வழியில்லாமல் போட வேண்டிவரும்.

மேலே பாலிகார்பனேட்டும் வேண்டாம் என்பேன். போட்டே ஆக வேண்டுமென்றால் யூவி பூச்சுள்ள (வெயிலின் புறஊதாக் கதிரைத் தடுக்கும்) பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டுச் சீக்கிரமே மஞ்சளான கூரைகள் ஏராளம். 10 அடி ஷீட் வெயிலில் 8 எம்எம் வரை நீளும், ஓட்டையைப் பெரிதாகத் துளைக்காவிட்டால் ஸ்க்ரூ பக்கத்திலேயே கீறல் விடும்.

டாம்பா தமிழன்:
ஃபுளோரிடாவில் இருக்கிறேன். உங்களைப் போலவே வெக்கை, கொசு, புயல். இங்கே நீச்சல்குளத்தைச் சுற்றியும் பின்வராண்டாவைச் சுற்றியும் அலுமினியம் சட்டத்தில் வலைக்கூண்டுதான் அதிகம். பெரிய புயல் வருகிறது என்றால் சிலர் வலையைக் கழற்றுகிறார்கள், அவசரத்தில் கத்தியால் கிழித்தும் விடுகிறார்கள். வலை போனால் போகட்டும், சட்டம் நிற்கட்டும் என்று. வலை மலிவு.

வெல்டிங் பட்டறை:
கிழிக்கத் தேவையில்லை. இரண்டரை அடிக்குக் கைப்பிடிச் சுவர், அதற்கு மேல் கிரில், கிரிலின் உள்பக்கம் கழற்றக்கூடிய வலைச் சட்டங்கள். மூன்றடி அகலத்துக்கு ஒன்று, விங் நட் போட்டு. புயல் எச்சரிக்கை வந்தால் அரை மணி நேரத்தில் கழற்றிக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிடலாம். ஃபைபர் வலை போதும், துருப்பிடிக்காது. எலி கடிக்கும், அதற்குத்தான் கீழே சுவர்.

தரை ஹாலைவிட இரண்டங்குலம் இறங்கியிருக்கட்டும். 10 அடிக்கு ஒண்ணேகால் அங்குலம் வாட்டம் வெளிப்பக்கம், சுவரடியில் தண்ணீர் போக ஓட்டைகள். சாரல் வரத்தான் செய்யும், வந்தது வெளியே போனால் சரி.

கெடிலக்கரை:
அப்பாவிடம் கண்ணாடி வேண்டாம் என்று சொன்னேன். "நான் ஆரம்பத்திலிருந்தே வெட்டிவேர் தட்டி கட்டச் சொன்னேனே" என்கிறார். உண்மைதான், சொன்னார். மேற்குப் பக்கம் சுருட்டி இறக்கும் மாதிரி தட்டி, வடக்கும் தெற்கும் கிரிலும் வலையும். கால் ஆறும் புதிது.

வேறு ஒருவரிடம் விலை கேட்டேன். கிரில் எஸ்எஸ் 304 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஒரு கிரேடு) என்றார். நான் சந்தேகப்பட்டதும் பையிலிருந்து காந்தத்தை எடுத்து வைத்துக் காட்டினார், ஒட்டவில்லை. "பார்த்தீங்களா, அசல்" என்றார். நம்பலாமா?

வெல்டிங் பட்டறை:
அந்தக் காந்தம் எங்கள் எல்லோர் பையிலும் இருக்கும் அக்கா. 202 என்ற இன்னொரு கிரேடிலும் ஒட்டாது, 304-இலும் ஒட்டாது. 202 விலை குறைவு, கடற்கரையில் சீக்கிரமே டீக்கறை மாதிரிப் புள்ளி விழும். பில்லில் கிரேடு எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் எஸ்எஸ்ஸே வேண்டாம், ஹாட் டிப் கால்வனைஸில் செய்து பெயிண்ட் அடித்துக்கொள்ளுங்கள், காசும் மிச்சம்.

கெடிலக்கரை:
கேட்டேன். "பில் போட்டால் ஜிஎஸ்டி வரும் மேடம்" என்கிறார். கால்வனைஸே போட்டுக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை குழி எடுக்கிறார்கள். அப்பா இப்போதே நாற்காலியைக் கொய்யா மரத்தடிக்கு மாற்றிவிட்டார், வேலையை மேற்பார்வை பார்க்க.